பேரன் கம்பெனிக்குச் சலுகை உண்டா?

வாழைத் தோட்டப் பூச்சிமருந்து உடலைக் கெடுத்துவிட்டது என்று கோஸ்டாரிகா, ஈக்வடார், குவாதமாலா, பனாமா நாட்டுத் தொழிலாளர்கள் அமெரிக்காவின் ஹவாய் மாநில நீதிமன்றத்தில் டோல் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்கள். டோல் தன் பங்குக்கு, ‘டெட் சீ’ குழுமத்தின் இரண்டு இஸ்ரேலியக் கம்பெனிகளையும் வழக்குக்குள் இழுத்துவிட்டது.

அவை உடனே தங்கள் உரிமையாளர் என்று இஸ்ரேல் அரசைக் கைகாட்டின. வெளிநாட்டு அரசின் நிறுவனம் என்றால், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே இத்தகைய வழக்குக்கு ஜூரியும் கிடையாது. ஆசை வராமல் இருக்குமா?

2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட பங்குகளை அரசே நேரடியாக வைத்திருக்க வேண்டும். இடையில் வேறு கம்பெனிகள் நின்றால் செல்லாது. மகன் கம்பெனிக்குள்ள சலுகை பேரன் கம்பெனிக்கு இல்லை. அதுவும் வழக்குப் போட்ட நாளின் நிலவரமே கணக்கு. பழைய உறவு உதவாது.

நேரடி உடைமை பற்றிய பகுதியில் நீதிபதி பிரையர் உடன்படவில்லை. இடைக் கம்பெனி வழியே வந்தாலும் உடைமை உடைமைதான் என்று வாதிட்டார்.