சில்லும் பல்லும் – 9: நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

போன கிழமை கிளச் தட்டு கருகுவதைப் பற்றி எழுதியபோது, ரயர் பெரிதானாலும் கிளச் கருகும், அதை வேறாகப் பார்ப்போம் என்று ஒரு வரி விட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரிடமும் இருப்பது டபுள் கப். ஆகவே இந்தக் கிழமை அதுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கீரிமலைக்குப் பெயரில் மட்டும்தான் மலை. அதனால் இங்கே ஓடுகிற வாகனத்துக்கு இழுவை குறைந்தால், குறைந்தது தெரியாமலே மாதக்கணக்கில் ஓடலாம். சாவகச்சேரியில் ஏ9 வீதியோரக் கராச் ஒன்றில் நான் பார்த்த ஹைலக்ஸும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. உடையவர் முப்பது வயதுக்குள் இருப்பார். பருவத்தில் தென்மராட்சிப் பலாப்பழமும் மாம்பழமும் ஏற்றிக் கண்டிப் பக்கம் போய்வருகிறவர். வண்டி வரும்போது 205 ஆர் 16 ரயர். அதைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தூக்கி, மட்காட் ஓரத்தை வெட்டி, 285/75 ஆர் 16 போட்டிருந்தார். பார்க்க வடிவுதான், அதை மறுக்க மாட்டேன்.

"அண்ணை, எஞ்சின் செய்து ஆறு மாதம் ஆகேல்லை. பலகடுவ ஏத்தத்திலை மூண்டாம் கியர் இழுக்குதில்லை. ரண்டிலை போட்டால் கத்துது."

"கறுப்புப் புகை வருதோ?"

"ஓம்."

"ரயர் எப்ப மாத்தினது?"

"எஞ்சின் செய்த கையோடைதான்."

"அப்ப எஞ்சினிலை பிழையில்லைத் தம்பி. நீர் கியரை எல்லோ மாத்திப்போட்டீர்."

கியர் பொக்ஸைத் தான் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறை. மெக்கானிக் சிரித்துவிட்டுச் சுவரில் சாத்தியிருந்த தன் சைக்கிளைக் காட்டினார். இந்த விஷயத்தைச் சைக்கிளை விட வடிவாக வேறெதுவும் விளக்காது. தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லாமல், பஸ்ஸும் இல்லாமல், மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு உழக்கியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. பெடல் பக்கத்தில் 44 பல்லு, பின் பிறீவீலில் 18 பல்லு என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றப் பின்சில்லு இரண்டரைக்குக் கிட்டச் சுற்றும். இப்போது அதே சைக்கிளில் பல்லைத் தொடாமல் பின்சில்லை மட்டும் பெரிதாக்கிவிட்டோம் என்று வையுங்கள். ஒரு உழக்குக்கு முன்னரை விடக் கூடத் தூரம் போகும். கூடத் தூரத்துக்குக் காலும் கூட அழுத்த வேண்டும். சமதரையில் தென்படாது, எதிர்க்காற்றில் தெரியும்.

பிக்கப்பில் அந்தப் பல்லு பின்னச்சின் நடுவில், இரண்டு பனங்காயைச் சேர்த்து வைத்தது போலத் தொங்குகிற இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. டிபரன்சல் என்கிறோம். எஞ்சினிலிருந்து வருகிற நீள உருளையின், அதாவது புரொப்பெல்லர் சாப்ட்டின், நுனியில் சின்னப் பினியன். அது கடிக்கிற பெரிய வளையம் கிரவுண் வீல். பினியனில் 10 பல்லு, கிரவுணில் 41 பல்லு என்றால், சாப்ட் 4.1 சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒருமுறை சுற்றும். இந்த 4.1 தான் நமக்கு வேண்டிய எண். எண் கூடினால் இழுவை கூடும், ஓட்டம் குறையும்.

தன் வண்டியில் எந்த எண் இருக்கிறது என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. பழைய வண்டி, எத்தனையோ கை மாறியது. தகட்டில் உள்ள குறியீட்டை நம்ப முடியாது. மெக்கானிக் மற்றச் சில்லுகளுக்குக் கல்லு வைத்து, பின்பக்க இடது சில்லை மட்டும் ஜக்கில் தூக்கி, கியரை நியூற்றலில் விட்டார். சாப்ட்டில் சோக்கால் ஒரு கோடு, ரயரில் ஒரு கோடு. கையால் ரயரைச் சுற்றிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். கீழே படுத்திருந்த பெடியன் சாப்ட்டை எண்ணினான். ரயர் இருபது, சாப்ட் நாற்பத்தொன்று. ஒரு சில்லு நிலத்தில் நிற்க மற்றது மட்டும் சுற்றும்போது, அது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுண் ஒரு சுற்று. ஆக இருபது என்பது கிரவுணுக்குப் பத்து. பத்துக்கு நாற்பத்தொன்று: 4.1. ஐந்து நிமிட வேலை, செலவு ஒரு சோக்குத் துண்டு.

இனி ரயர். 285/75 ஆர் 16 என்றால் அகலம் 285 மில்லிமீற்றர், அதன் பக்க உயரம் அகலத்தில் 75 சதவீதம், றிம் 16 அங்குலம். மேலும் கீழுமாக இரண்டு பக்க உயரத்தையும் றிம்மையும் கூட்டினால் முழு உயரம் 834 மில்லிமீற்றர் வருகிறது. பழைய 205 ஆர் 16 இல் சதவீதம் எழுதப்பட்டிருக்காது; எழுதாவிட்டால் ஏறத்தாழ 82 என்று எடுக்க வேண்டும். அது 743. வித்தியாசம் நூற்றுக்குப் பன்னிரண்டு. இந்தக் கணக்கு வராதவர்கள் வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, நிலத்தில் கோடு போட்டு ரேப்பால் அளக்கலாம். பாரத்தில் ரயர் அமுங்குவதும் அதில் சேர்ந்துவிடும் என்பதால், உண்மையில் அதுதான் திறம்.

இந்தப் பன்னிரண்டு வீதம் எஞ்சினில் என்ன செய்கிறது? மணிக்கு 60 கிலோமீற்றரில், நாலாம் கியரில், பழைய ரயரோடு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1760 சுற்று. பெரிய ரயரில் 1565. பழைய டீசல் எஞ்சினுக்கு அந்த இருநூறு சுற்றுத்தான் மூச்சு. பாரத்தோடு இரண்டரைத் தொன் நிற்கும் வண்டியை எஞ்சின் இரண்டு தொன் எண்ணூறு என்று உணர்கிறது. நாம் அக்சிலேற்றரை மிதிக்கிறோம், டீசல் கூடப் போகிறது, எரியாத மிச்சம் கறுப்பாய் வெளியே வருகிறது. மிருசுவிலுக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஓடும்வரை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏறும்போது கண்டுபிடிப்பார்கள்.

மீற்றரும் பொய் சொல்லத் தொடங்கும். பழைய வண்டியில் மீற்றர் வயர் கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து வருவதால் அதற்கு ரயர் மாறியது தெரியாது. முள் 63 காட்டும்போது வண்டி 70 ஐத் தாண்டியிருக்கும். பொலிஸ்காரருக்கு முன்னால் முள்ளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

சரி, தீர்வு. 4.1 ஐப் பன்னிரண்டு வீதத்தால் கூட்டினால் 4.6. அப்படியே 4.6 கிடைக்காது, பல்லை அரையாய் வெட்ட முடியாதல்லவா. ரொயோட்டாவில் கிடைப்பவை 43க்கு 10 என்ற 4.3, 41க்கு 9 என்ற 4.556, 39க்கு 8 என்ற 4.875. தம்பிக்குப் பொருந்துவது நடுவில் உள்ளது. அதைப் போட்டால் 60 இல் எஞ்சின் 1740 சுற்று. பழைய இடத்துக்கு வந்துவிட்டது, மீற்றர் முள்ளும் திருந்திவிட்டது. 265/75 ஆர் 16 போட்டவர்களுக்குக் கணக்கு 4.44 என்று இரண்டுக்கும் நடுவில் விழும். பாரம் ஏற்றுகிறவர் 4.556 எடுக்கட்டும்; வெறும் வண்டியாகக் கொழும்புக்கு ஓடுகிறவர் 4.3 எடுக்கட்டும்.

41க்கு 9 என்றதும் எனக்கு வேறொரு வண்டி நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தையும் தாங்கி, இன்றும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் காணக்கூடிய மொறிஸ் மைனர். 1956 இல் வந்த மைனர் 1000 இன் பின்னச்சில் இருந்ததும் இதே 41க்கு 9 தான். 1962 இல் எஞ்சினைப் பெரிதாக்கியபோது அதை 38க்கு 9 என்று குறைத்தார்கள். எஞ்சின் கூடினால் பல்லைக் குறை, ரயர் கூடினால் பல்லைக் கூட்டு: ஒரே கணக்கின் இரண்டு பக்கம். தாத்தாவின் மைனரைத் திருத்திய கைகளுக்கு இந்த வேலை புதிதல்ல.

ஆனால் மைனருக்கு ஒரு அச்சு. நாலு சில்லும் இழுக்கிற ஹைலக்ஸுக்கு இரண்டு. இங்கேதான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பின்னால் 4.556 போட்டு முன்னால் 4.1 ஐ விட்டால், நாலு சில்லிலும் போட்டவுடன் முன்னச்சு ஒரு வேகத்துக்கும் பின்னச்சு இன்னொரு வேகத்துக்கும் இழுபடும். தார் வீதியில் சில மீற்றருக்குள் பெட்டி இறுகிவிடும், அல்லது ஏதோ ஒன்று உடையும். முன்னுக்கும் மாற்ற வசதியில்லை என்றால் பின்னையும் தொடாதீர்கள்.

கிரவுணும் பினியனும் சோடியாகவே அரைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போட்டால் ஊளையிடும். ரொயோட்டாவின் 8 அங்குலக் கிரவுணில் இரண்டு பல்லுக்கும் இடையே விடவேண்டிய அசைவு 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர், கடதாசித் தடிப்பு. பல்லில் நிறம் பூசிச் சுற்றி, எந்த இடத்தில் கடிக்கிறது என்று பார்க்காமல் பூட்டுகிற கராச்சுக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல காலம், ஹைலக்ஸின் பின் டிபரன்சல் கூட்டோடு முழுதாகக் கழன்று வரும். ஜப்பானில் இருந்து இறங்குகிற பழைய சாமானில் பல்லுப் பொருந்திய முழு உருப்படியாகவே தேடுங்கள். கடைக்காரர் சொல்கிற எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே ஒருமுறை சுற்றி எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாரம் ஏற்றி உழைக்கிற வண்டிக்கு இந்தப் பெரிய ரயர் தேவையில்லை. மணற்காட்டு மணலில் புதைகிறது என்பதற்காகப் போட்டேன் என்பார்கள். மணலுக்கு ரயரின் காற்றை 35 இலிருந்து 20 க்கு இறக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். திரும்பித் தார் ஏறியதும் பம்ப் பண்ண மறக்காமல் இருந்தால் போதும். பல்லு மாற்றுவது எஞ்சினுக்குத்தான் ஈடு செய்யும். பிறேக்குக்குச் செய்யாது. சில்லு பெரிதாகப் பெரிதாக அதைப் பிடித்து நிறுத்தப் பிறேக் கூடப் பாடுபட வேண்டும், பலகடுவவில் ஏறினவர் இறங்கவும் வேண்டும்.

அந்தத் தம்பி இரண்டு நாள் யோசித்தார். முன்னும் பின்னும் டிபரன்சல், எண்ணெய், கூலி என்று கூட்டிப் பார்த்தார். கடைசியில் பழைய றிம்மில் 205 ஐயே திரும்பப் பூட்டிக்கொண்டு போனார். 285 நாலும் கராச் மூலையில் விலைக்கு நிற்கின்றன.

(அடுத்த கிழமை: பிறேக் லைனிங்)