பட்டாவுக்குப் பூட்டு... ஆதாருக்கு?

பட்டா, பத்திரம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டும் குடும்பங்கள்கூட, ஆதார் நகலை யார் கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்துவிடுகின்றன. அதனால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2020-ம் ஆண்டில் பார்த்தது.

பி.எம்.கிசான் திட்டத்தில், சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். கொரோனா காலத்தில், ‘நிவாரணப் பணம் வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லி இடைத்தரகர்கள் ஆதார், பாஸ்புக் நகல்களைத் திரட்டினார்கள். வேளாண் துறையின் கடவுச்சொற்களும் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டன. நிலமே இல்லாதவர்கள் விவசாயிகளாகப் பதிவானார்கள். தகுதியில்லாத பெயர்கள் 5 லட்சத்துக்கு மேல். தொகை சுமார் 110 கோடி ரூபாய். விசாரணை சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. கணக்கில் வந்த பணம் திரும்ப வசூலிக்கப்பட்டபோது, விவரம் தெரியாமல் நகல் கொடுத்தவர்கள்தான் தவித்தார்கள்.

கைரேகைக்கும் இதே ஆபத்து உண்டு. வங்கி முகவரிடம் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் இருந்தால் பணம் எடுக்கலாம், ஓ.டி.பி தேவையில்லை. வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு இது நல்ல வசதி. ஆனால், பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து, போலி விரல் செய்து பணம் எடுத்த கும்பல்கள் அண்டை மாநிலங்களில் பிடிபட்டுள்ளன.

என்ன செய்யலாம்?

* ஆதார் நகல் கொடுக்கும்போது, அதன் மேலேயே எதற்காக, யாருக்கு, என்றைக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மறைக்கப்பட்ட ஆதார்’ பல இடங்களுக்குப் போதும். அதை ஆதார் இணையதளத்தில் எடுக்கலாம்.

* ஆதார் செயலியிலோ, ஆதார் சேவை மையத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருந்தால் உரக்கடை, ரேஷன் கடை இயந்திரங்களில் ரேகை ஏற்காது. போகும் முன் செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள்.

* ‘ரேகை பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்’ என்று முகவர் சொன்னால், முதல் முறை என்ன ஆனது என்று கேளுங்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

* ‘பி.எம்.கிசான் தவணை நின்றுவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலியை நிறுவாதீர்கள். ஓ.டி.பி-யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

* ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இப்போது கையில் இருக்கும் செல்போன் எண்ணே இருக்கட்டும். பழைய எண் இருந்தால், பணம் போனதே தெரியாது.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய நஷ்டம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்குங்கள். வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால், தவறு வாடிக்கையாளருடையதாக இல்லாதபோது, நஷ்டம் அவர் தலையில் விழாது என்று 2017-ம் ஆண்டின் ரிசர்வ் வங்கி உத்தரவு சொல்கிறது. ஓ.டி.பி-யை நாமே சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடையதையும் பிள்ளைகள் வாங்கிப் பார்ப்பது நல்லது.