பதின்மூன்றாவது இலக்கம்

பிஸ்கட்டோ, சோப்போ, பற்பசையோ, கைக்கெட்டும் ஒரு பொருளை எடுத்து அதன் பார்கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். இந்திய நிறுவனத்தின் பொருளென்றால் பெரும்பாலும் 890 என்று தொடங்கும். மொத்தம் 13 இலக்கங்கள். முதல் பன்னிரண்டும் சேர்ந்து அந்தப் பொருளை அடையாளம் காட்டுகின்றன. பதின்மூன்றாவது இலக்கம் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தனக்கு முன்னால் நிற்கும் பன்னிரண்டும் பிழையில்லாமல் வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர்.

கடையில் எல்லா நேரமும் ஸ்கேனர் ஒத்துழைப்பதில்லை. பாக்கெட் கசங்கியிருக்கும், ஈரம் பட்டு மை கலைந்திருக்கும். பில் போடுபவர் அந்த எண்ணைப் பார்த்துக் கையால் தட்டுவார். பின்னால் வரிசை நீண்டு நிற்கும்போது ஓர் இலக்கம் தவறிப்போவது இயல்பு. அப்படித் தவறினால் உப்பு வாங்கியவர் பில்லில் ஷாம்பு ஏறிவிட வேண்டும். அப்படி நடக்காமல் பெரும்பாலும் தடுப்பது கடைசியில் நிற்கும் அந்த ஓர் இலக்கம்தான்.

அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்கலாம். நினைவில் நிற்க எளிதாக, 890-இல் தொடங்கி வரிசையாகப் போகும் 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம்: 890123456789. இடமிருந்து எண்ணும்போது ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டு விடையையும் சேர்த்தால் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட இன்னும் எவ்வளவு தேவையோ அதுவே சரிபார்ப்பு இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் இங்கே அது 0. முழு எண் 8901234567890. ஒன்பதுக்குப் பின் பூஜ்யம் வந்து வரிசை குலையாமல் நிற்கிறது, பாருங்கள்! இரட்டைப்படை இலக்கத்தில் தொடங்கி இப்படி வரிசையாகப் போகும் எந்த எண்ணுக்கும் அடுத்து வரவேண்டிய இலக்கமே விடையாகக் கிடைக்கும். ஒற்றைப்படையில் தொடங்கினால் விடை சரியாக ஐந்து தள்ளி விழும். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், அருமையான கணக்கு.

மூன்றால் ஏன் பெருக்க வேண்டும்? இந்த முறையின் அழகெல்லாம் அந்த மூன்றில்தான் இருக்கிறது. 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்தையும் மூன்றால் பெருக்கி, விடையின் கடைசி இலக்கத்தை மட்டும் எழுதுங்கள்: 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7. பத்தும் வேறு வேறு. அதனால் எந்த இலக்கம் வேறு எதுவாக மாறினாலும் கூட்டுத்தொகை பத்தின் மடங்கிலிருந்து நழுவிவிடும், பிழை தெரிந்துவிடும். மூன்றுக்குப் பதில் இரண்டால் பெருக்கியிருந்தால் 1-க்கும் 6-க்கும் ஒரே விடை. ஒன்றுக்குப் பதில் ஆறைத் தட்டினாலும் கணினி சரி என்று ஏற்றுக்கொள்ளும்.

அப்படியென்றால் பெருக்காமலேயே எல்லாவற்றையும் கூட்டிவிடலாமே? கூட்டலாம், ஓர் இலக்கப் பிழை அதிலும் சிக்கும். ஆனால் அவசரத்தில் தட்டும் விரல்கள் செய்யும் இன்னொரு பிழை உண்டு: 34 என்பதை 43 என்று தட்டுவது. வெறும் கூட்டலில் இரண்டுக்கும் ஒரே விடை. ஓர் இடத்துக்கு ஒன்று, அடுத்த இடத்துக்கு மூன்று என்று எடை மாறி மாறி வருவதால் இடம் மாறிய இலக்கங்களும் பிடிபடுகின்றன.

எல்லாம் பிடிபடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 27 என்பதை 72 என்று தட்டிப் பாருங்கள். முதலில் 2 + 21 = 23; மாற்றினால் 7 + 6 = 13. வித்தியாசம் சரியாகப் பத்து. கணக்குக்கு எதுவும் தெரியாது. ஐந்து வித்தியாசம் உள்ள இரண்டு இலக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இடம் மாறினால் இந்த முறை ஏமாந்துவிடும். மூன்றுக்குப் பதில் ஏழையோ ஒன்பதையோ வைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

அடைக்க வழியே இல்லையா என்றால், உண்டு. பழைய புத்தகங்களின் பத்து இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணில் சில நேரம் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கணக்கு பத்தால் அல்ல, பதினொன்றால் நடந்தது. விடை பத்து என்று வந்தால் ஓரிலக்கத்தில் எழுத முடியாதே, அதற்குத்தான் எக்ஸ். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் அந்த முறை ஒன்றைக்கூட விடாது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் அப்படித்தான். 1969-இல் ஜேகபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் வகுத்த முறையில் அமைந்தது. 2007 ஜனவரி முதல் புத்தகங்களும் 13 இலக்கத்துக்கு மாறி, மளிகைச் சாமான்களோடு ஒரே கணக்கில் சேர்ந்துகொண்டன. கூர்மையான ஒரு சோதனையைக் கைவிட்டு, எந்தக் கடை ஸ்கேனரும் படிக்கும் வசதியைப் பதிப்புலகம் பெற்றது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, முதல் இலக்கத்தின் கதை. பொட்டலத்தை மறுபடி பாருங்கள். அந்த 8 மட்டும் கோடுகளுக்குக் கீழே இல்லை. இடப்பக்கம் தனியே வெளியில் நிற்கிறது. காரணம், கோடுகளில் 12 இலக்கங்களுக்குத்தான் இடம்.

1949-இல் அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்ட் மயாமி கடற்கரை மணலில் விரலால் கோடிழுத்தபோது பிறந்த யோசனைதான் பார்கோடு. மோர்ஸ் தந்திக் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் கீழ்நோக்கி நீட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். அது கடைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆனது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த 12 இலக்கக் குறியீடு, 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரச் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. பொருள், ரிக்லி சூயிங்கம். விலை 67 சென்ட். அந்த விலை கோடுகளுக்குள் இல்லை. கோடுகளில் இருப்பது எண் மட்டும். விலையைக் கடைக் கணினி தன் பட்டியலில் தேடி எடுக்கும்.

1977-இல் ஐரோப்பியர்கள் தங்கள் அமைப்பைத் தொடங்கியபோது அவர்களுக்கு இன்னும் ஓர் இலக்கம் தேவைப்பட்டது. கோடுகளை நீட்டினால் அமெரிக்க அமைப்போடு ஒட்டாது. அவர்கள் கண்ட வழி அபாரமானது. ஒவ்வோர் இலக்கமும் ஏழு மெல்லிய கீற்றுகளால் ஆனது. இடப்பாதியின் ஆறு இலக்கங்களுக்கும் இரண்டிரண்டு வடிவங்களை வகுத்தார்கள்: ஒன்றில் கறுப்புக் கீற்றுகள் ஒற்றைப்படை, மற்றதில் இரட்டைப்படை. எந்த இடத்தில் எந்த வடிவம் வருகிறது என்ற வரிசையே வெளியில் நிற்கும் முதல் இலக்கத்தைச் சொல்லிவிடும். நம் 8-க்கு உரிய வரிசை: ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை. ஆறும் ஒற்றையாகவே இருந்தால் முதல் இலக்கம் 0. அது பழைய அமெரிக்கக் குறியீடேதான். ஒரு கோடுகூடக் கூடுதலாக அச்சிடாமல் ஓர் இலக்கத்தை உள்ளே ஒளித்துவைத்துவிட்டார்கள். பொட்டலத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் ஸ்கேனர் திசையைப் புரிந்துகொள்வதும் இந்த ஒற்றை இரட்டை வேறுபாட்டால்தான்.

இவ்வளவு அறிவோடு அமைந்த எண்ணின்மேல் அதற்கில்லாத பொறுப்பை ஏற்றுகிறார்கள் என்பதுதான் வருத்தம். 890 இருந்தால் இந்தியாவில் செய்தது, 690 இருந்தால் சீனாவில் செய்தது என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. தவறு. ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் எந்த நாட்டுக் கிளை அந்த நிறுவனத்துக்கு எண் வழங்கியது என்பதை மட்டுமே முதல் மூன்று இலக்கங்கள் காட்டும். இந்தியாவில் எண் வாங்கிய நிறுவனம் தன் பொருளை வியட்நாமில் செய்து வாங்கினாலும் 890தான். 978 என்று தொடங்கும் புத்தகங்களுக்கோ உலகப்படத்தில் நாடே கிடையாது. 2-இல் தொடங்குபவை கடைக்காரரே எடை போட்டு ஒட்டும் காய்கறிச் சீட்டு போன்றவை; கடைக்குள் மட்டும் செல்லும்.

கடைசி இலக்கம் சரியாக வந்துவிட்டால் பொருள் அசல் என்றும் ஆகிவிடாது. போலி செய்பவர் அசலின் கோடுகளை அப்படியே அச்சடித்துவிடுவார். கணக்கும் சரியாகவே வரும். எண் பிழையில்லாமல் வந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த இலக்கம் சான்று.

ஆகவே அப்படியொரு செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் உறையில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். இறக்குமதியாகும் பொட்டலப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயரை அச்சிட்டே ஆகவேண்டும் என்பது இந்தியச் சட்டம்.