இணையமும் நிழற்படக் காப்பும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் வீதியில் உள்ளது லுணுகலை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலே, மணக்கோலத்தையும் மறைந்தோர் முகத்தையும் காட்டும் நிழற்படங்கள் சட்டமிட்டுத் தொங்குவதைக் காணலாம். 1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாகக் குடும்பங்கள் பிரிந்து, ஒரு பகுதியினர் நீலகிரிக்கும் பிறவிடங்களுக்கும் சென்றபோது, இரு கரையாருக்கும் எஞ்சிய உறவுச்சான்று பெரும்பாலும் இத்தகைய படங்களே. பேரப்பிள்ளைகள் இன்று அவற்றை ஸ்கானரிற் பதிந்து இணையத்தில் ஏற்றுகின்றனர். அதன்பின் பாட்டியொருத்தியின் படம், பெயரும் ஊரும் நீங்கி, ‘கொழுந்து பறிக்கும் பெண்’ என்னுந் தலைப்போடு எங்கோ ஒரு தேயிலைப் பொட்டலத்திலே தோன்றினும் வியப்பில்லை. இதனைத் தடுத்தல் இயலுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முற்றாகத் தடுத்தல் இயலாது. சுவரிலுள்ள படத்தைக் காண்பவன் படம் இருக்குமிடத்துக்குச் செல்கின்றான். இணையத்திலோ படம் காண்பவனிடத்துக்கு வருகின்றது. திரையிலே தோன்றுமுன்னரே அதன் படியொன்று அவனுடைய கணினியிற் சேர்ந்துவிடுகின்றது. மவுசின் வலப்பொத்தானைச் செயலறச் செய்தலும், படத்தின்மேல் வெறும்படமொன்றைப் பரப்பி மறைத்தலும் பூட்டில்லாத கதவைச் சாத்திவைத்தல் போல்வன. வழிப்போக்கன் சற்றுத் தயங்குவான். எடுக்கத் துணிந்தவனோ திரையையே படமாகப் பதிந்துகொள்வான். அவ்வசதி இன்று கைத்தொலைபேசிகளிலெல்லாம் உண்டு.

மெய்யான காப்பு அளவிலே தங்கியுள்ளது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்பது அச்சகத்தார் கணக்கு. 900 புள்ளி அகலமுள்ள படம் திரையிலே தெளிவாகத் தோன்றும். தாளிலோ 3 அங்குலத்துக்குமேற் செவ்வையாக விரியாது. 4,500 புள்ளி அகலமான மூலத்தை ஏற்றியவர் 15 அங்குலச் சுவரொட்டிக்கு வேண்டியதைத் தாமே கொடுத்தவராவர். ஆதலின் மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு சிறுபடியை மாத்திரங் காட்டுதல் தக்கது. சிறிய படத்தைப் பெருப்பிக்கும் மென்பொருள்கள் இன்று உளவேனும், அவை இல்லாததை ஊகித்து நிரப்புவனவேயாம். பெருப்பித்த முகம் பாட்டியின் முகமாகவே இருக்குமென்பதற்கு உறுதியில்லை.

படத்தின்மேல் உரியவர் பெயரை நீர்க்குறியாகப் பொறிப்பதும் வழக்கு. மூலையிலிடின் வெட்டி நீக்கிவிடலாம். முகத்தின் குறுக்கேயிடின் படமே கெடும். அவ்வாறு காட்டுவதினும் காட்டாதொழிதல் நன்று.

இனிச் சட்டத்தை நோக்குவாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிழற்படத்தையும் காக்கின்றது. பதிவு வேண்டுவதில்லை, ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும், தன் பெயர் குறிக்கப்படவேண்டுமெனக் கோரவும் அவனுக்கு இயலும். ஐக்கிய அமெரிக்காவிலிருந்து நடத்தப்பெறும் தளங்களாயின், அந்நாட்டின் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாளர் அறிவித்தல் விடுத்துப் படத்தை அகற்றுமாறு கேட்கலாம். ஆனால் இவையெல்லாம் படம் எடுத்தவனுக்குரிய பதிப்புரிமை. படத்திலிருப்பவளுக்கு அதிற் பங்கில்லை. முன்னர், 1979 இற் புதுச் சட்டம் வரும்வரை இந்நாட்டில் வழங்கிய 1911 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதவிடத்துப் பணங்கொடுத்து எடுப்பித்தவரையே உரிமையாளராகக் கொண்டது. மூலத்தகடு உண்டான நாளிலிருந்து 50 ஆண்டென வரையறையும் செய்தது. பழம்படத்துக்குச் சட்டத்தின் நிழல் அத்துணைக் குறுகியது.

பெயர் நீங்குதல் இணையத்தோடு தொடங்கியதன்று. புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரற் கமரன் அம்மையார் 1864 முதல் 1875 வரை தம் படங்களுள் ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றை இலண்டனிலே பதிப்புரிமைக்காகப் பதிவுசெய்தவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் டிக்கோயாப் பகுதியிலே காலமானார். தம் உரிமையில் அத்துணைக் கருத்துடைய அவர் 1878 இல் எடுத்த படமொன்றன் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பதே. எடுத்தவரின் பெயர் உலகறிந்தது. படத்தில் நிற்பவர்களின் பெயர் தலைப்பில் இல்லை.

இணையத்தில் ஏற்றும் படக்கோப்பினுள்ளே பெயரையும் விவரத்தையும் மறைவாக எழுதிவைக்கும் முறையொன்று உண்டு. எனினும் சமூகத் தளங்கள் பலவும் ஏற்றும்போதே அதனைக் களைந்துவிடுகின்றன. ஆதலின் ஸ்கானரில் இடுவோர் படத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பதிதல் வேண்டும். பென்சிலால் எழுதிய பெயரும் தோட்டமும் திகதியும், நிழற்படசாலையின் முத்திரையும் பல படங்களில் அங்கேதான் உள்ளன. அவற்றை முகத்தின் கீழே சேர்த்து ஒரே படமாக ஏற்றிவிடின், பெயர் தற்செயலாக உதிராது. அதனை நீக்க விரும்புபவன் தன் கையாலேயே கத்தரிக்கவேண்டிவரும்.