எடைக்கு வந்த புத்தகங்கள்

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் யாரும் புத்தகத்தின் பெயரைப் பார்த்ததில்லை. கெட்டி அட்டை போட்டதென்றால் அட்டையைக் கிழித்துவிட்டு உள்தாளை மட்டும் நிறுப்பார்கள். நகரத்தார் வீடுகளின் பிள்ளைகள் வெளியூர்களில் தங்கிவிட, பாகம் பிரித்து, வீட்டை இடித்துத் தேக்குத் தூண்களை விற்ற காலம் அது. தூணுக்கு விலை இருந்தது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்கும் விலை இருந்தது. உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டுத்தான் பெட்டியை வாங்கினார்கள்.

கொட்டியதில் பொறுக்கியவைதான் என் அலமாரியின் முதல் வரிசை. சனிக்கிழமை மதுரையில் பஸ் ஏறினால் ஞாயிறு இரவு பை நிறையத் திரும்பலாம். "காப்பிக் காசு குடுங்க தம்பி, போதும்" என்பார் கடைக்காரர். அந்த மண்ணில் புத்தகம் மிகுந்து கிடந்ததில் வியப்பில்லை. 'ஊழியன்' இதழ் காரைக்குடியிலிருந்து வந்தது; புதுமைப்பித்தன் சிறிது காலம் அதில் வேலை பார்த்தார். சா.கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கியதும் அங்கேதான். பதிப்பாளர் 'சக்தி' வை.கோவிந்தனின் ராயவரமும் தொலைவில் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தவை பைண்டு செய்த தொடர்கதைகள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்த வீடுகள் எத்தனை! மணியத்தின் படங்கள், மறுபக்கத்தில் பாதியில் அறுந்த வேறொரு கதை, ஒரு துணுக்கு, ஒரு விளம்பரம், ஓரத்தில் யாரோ பென்சிலில் போட்ட பால் கணக்கு. அந்த வீட்டு ஆச்சி மத்தியான வேளையில் படித்த கதையை அதே தாளில் நானும் படிக்கிறேன். எந்தப் புதுப் பதிப்பிலும் எனக்கு இது கிடைக்காது.

மற்றவர்கள் எடைக்குப் போட்ட தாள்களைப் பொக்கிஷமாகச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவே புத்தகமும் இருக்கிறது. கையில் எடுத்தாலே கடைக்காரர் போனை எடுத்துவிடுகிறார். "வாட்ஸ்அப் குரூப்ல போட்டா நாளைக்கே போயிரும்ணே." முன்பு தராசில் போன பைண்டுக்கு இப்போது ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். இனி இந்த ஊரில் மலிவாக எதுவும் சிக்காது என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்த வருத்தம் இல்லை. அன்று புத்தகம் எனக்கு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், நான் போகாத ஞாயிறுகளில் அது வடை மடிக்கப் போனதுதான். விலை வந்த பிறகு அட்டையை யாரும் கிழிப்பதில்லை. படிக்க விரும்புகிறவருக்கும் நஷ்டமில்லை. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமையானது, பல பதிப்புகள் குறைந்த விலையில் வருகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம்.

என் கவலை வேறு. போனில் தேடினால் விலை காட்டாத தாள்கள் இன்னும் தராசில்தான் ஏறுகின்றன: கும்பாபிஷேக மலர், கல்யாண வாழ்த்துமடல், பள்ளிக்கூட ஆண்டு மலர், வட்டிக்கடைப் பேரேடு. சென்ற முறை ஒரு கோயில் மலரை 30 ரூபாய்க்கு வாங்கினேன். திருப்பணிக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலில் ரங்கூன், பினாங்கு விலாசங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஓர் ஊர் கடல் கடந்து பிழைத்த கணக்கு அது. இன்னொரு பிரதி எங்காவது இருக்குமா, தெரியாது. அந்த மாதிரி வந்தால் நிறுக்காமல் தனியே எடுத்துவைக்கச் சொல்லி, பேப்பர் கடைகளில் என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். ரோஜா முத்தையா நூலகத்தில் இல்லாதவை அங்கே போய்ச் சேரட்டும்.