கணிப்பானும் கணக்கறிவும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012-இல் டைம்லர் ஆலையும் ஒரகடத்தில் எழுந்தன. ஏரிப்பாசன ஊர்கள் நிறைந்திருந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் இவ்வாறே தொழில் வட்டாரமாயிற்று. இவ்வாலைகளிலும், இவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் பட்டறைகளிலும் வேலைக்குச் சேர்வோருள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் ஏராளம். அவர்களுடைய கணக்கறிவைப் பற்றியே இங்கு சிந்திக்க விழைகிறோம்.

தமிழ்நாட்டின் பள்ளிப் பொதுத்தேர்வுகளில் பொதுவாகக் கணிப்பானுக்கு (கால்குலேட்டர்) இடமில்லை. மேல்நிலை வகுப்பினருக்கு மடக்கை அட்டவணை உண்டு, அவ்வளவே. பத்தாம் வகுப்பை முடித்துப் பாலிடெக்னிக்கில் சேரும் மாணவரோ அறிவியல் கணிப்பானுடன் தேர்வெழுதுகிறார். நேற்றுவரை விலக்கப்பட்டிருந்த கருவி ஒரே கோடை விடுமுறையில் இன்றியமையாததாகி விடுகிறது. அதைக்கொண்டு சிந்திப்பது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுத் தருவதில்லை என்பதே நம் கவலை.

லேத் இயந்திரத்தில் ஓர் இரும்புத் தண்டைக் கடைவதாகக் கொள்வோம். தண்டின் விட்டம் 40 மில்லிமீட்டர். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர். இயந்திரத்தை நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓட்ட வேண்டும்? ஐ.டி.ஐ.யின் 'பணிமனைக் கணக்கும் அறிவியலும்' பாடத்தில் இதற்கொரு சூத்திரம் உண்டு. வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, 'பை'யையும் விட்டத்தையும் பெருக்கிவரும் தொகையால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 199 சுற்று. மாணவர் கணிப்பானில் 1000 × 25 ÷ π × 40 என்று வரிசையாக அழுத்துகிறார். திரையில் 3,18,310 என வருகிறது. அடைப்புக்குறி இடாததால், வகுக்க வேண்டிய நாற்பதால் கருவி பெருக்கிவிட்டது. கருவி தனக்கிட்ட கட்டளையைப் பிசகின்றிச் செய்தது. மாணவரும் அவ்விடையை அப்படியே ஏட்டில் எழுதிக்கொள்கிறார். மூன்று லட்சம் சுற்று ஓடும் லேத் எந்தப் பட்டறையிலும் இல்லை என்பது அவர் அறியாததன்று. அந்த அறிவு பட்டறையிலேயே நின்றுவிட்டது, கணக்கேட்டுக்குள் வரவில்லை.

சூத்திரம் எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் சொல்லியிருந்தால் இது நேர்ந்திராது. தண்டு ஒருமுறை சுற்றும்போது வெட்டுளி கடக்கும் நீளம் அதன் சுற்றளவு. 25 மீட்டர் என்பது 25,000 மில்லிமீட்டர். அதனுள் எத்தனை சுற்றளவு அடங்கும் என்பதே கேள்வி. 'பை'யை மூன்று எனக் கொண்டால் சுற்றளவு 120. ஆகவே விடை இருநூற்றுக்குச் சற்று மேல். இம்மதிப்பீட்டை ஏட்டின் ஓரத்தில் எழுதிய பிறகே கணிப்பானைக் கையில் எடுக்க வேண்டும்.

இனிக் கருவியின் உண்மையான பயனுக்கு வருவோம். விட்டத்தை 10, 20, 40, 80 என மாற்றி நான்கு முறை கணக்கிடச் சொல்லுங்கள். 796, 398, 199, 99 என விடைகள் பாதி பாதியாய்க் குறைவதை மாணவர் தாமே காண்பார். எதிர்விகிதம் என்ற சொல்லுக்குப் பொருள் அப்போது விளங்கும். காகிதத்தில் நான்கு நீள்வகுத்தல்களைச் செய்து முடிப்பதற்குள் பாடவேளை தீர்ந்துவிடும். வடிவத்தைக் கவனிக்க யாருக்குப் பொழுதிருக்கும்?

அமெரிக்கக் கணித ஆசிரியர் மன்றம் 1980-இல் கணிப்பானை எல்லா வகுப்புகளிலும் பயன்படுத்தலாம் என்றபோது கடும் விவாதம் எழுந்தது. 1986-இல் ரே ஹெம்ப்ரி, டொனால்ட் டெசார்ட் இருவரும் 79 ஆய்வுகளைத் தொகுத்தாராய்ந்தனர். வழக்கமான கற்பித்தலோடு சேர்ந்த கணிப்பான் அடிப்படைத் திறனைக் கெடுப்பதில்லை, சிக்கல் தீர்க்கும் ஆற்றலையும் வளர்க்கிறது என்று கண்டனர். நான்காம் வகுப்பை மட்டும் விலக்காகக் காட்டினர். வாய்பாடு படியும் வயதில் கருவி வேண்டாம் என்று நாம் இதிலிருந்து கொள்கிறோம்.

கணக்கிடுவதற்கு முன்பே எவ்வளவு துல்லியம் தேவையெனத் தீர்மானிப்பதற்குச் சமர்கந்தில் உலூக் பேக்கின் அவையிலிருந்த ஜம்ஷீத் அல்-காஷி தக்க சான்று. ஹிஜ்ரி 827-இல் (கி.பி. 1424) இரண்டு 'பை'யின் மதிப்பைப் பதினாறு தசம இடங்கள் வரை அவர் கண்டார். பூமியின் விட்டத்தைப் போல் ஆறு லட்சம் மடங்கு விட்டமுள்ள வட்டத்திலும் சுற்றளவின் பிழை மயிரிழை அகலத்தைத் தாண்டக்கூடாதென அவர் எல்லை வகுத்துக்கொண்டார். எத்தனை பக்கமுள்ள பலகோணம் வேண்டும் என்பதை அதன்படியே முடிவு செய்தார்.

நம் மாணவருக்கு அத்தனை இலக்கங்கள் தேவைப்படா. 100 மில்லிமீட்டர் நீளத்தில் விட்டம் 50-இலிருந்து 40 ஆகக் குறையும் டேப்பரைக் கடைய, கருவியைச் சாய்க்கும் கோணத்தின் டேன்ஜென்ட் 0.05. கணிப்பான் 2.862405226 பாகை என்று காட்டும். ரேடியன் நிலையில் விட்டிருந்தால் 0.04996 என்று காட்டும். 2.86 என்பதை 2 பாகை 86 கலை என்று படிப்போரும் உண்டு. சரியான அளவு 2 பாகை 52 கலை. லேத்தின் அளவுவட்டில் கோடுகள் பாகைக்கு ஒன்றாகவே இருந்தால், மூன்றாம் கோட்டைத் தொடுமுன் நிறுத்தி, ஒரு துண்டைக் கடைந்து அளந்து பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.