டயர் திருடர்களைத் துரத்திய படம்

துப்பறியும் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? காணாமல் போன வைர மாலை, மாற்றி எழுதப்பட்ட உயில், இருட்டறையில் ஒரு பிணம். ஆனால் 1942ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘ரப்பர் ராக்கெட்டியர்ஸ்’ என்ற படத்தில் குற்றத்தின் மையப் பொருள் மோட்டார் வண்டியின் டயர்!

அக்காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டின. பெரிய நட்சத்திரங்கள் நடித்த படம் முதன்மையானது. அதற்குத் துணையாக, குறைந்த செலவில் சில நாட்களிலேயே எடுத்து முடித்த, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் படத்தைத்தான் ‘பி’ படம் என்றார்கள். மோனோகிராம் என்ற சிறிய நிறுவனம் இவ்வகைப் படங்களுக்குப் பேர் போனது. ஹரால்ட் யங் இயக்கிய இந்தப் படமும் அதன் வெளியீடுதான். வில்லனாக வருபவர் ரிக்கார்டோ கோர்டெஸ். 1931இல் ‘தி மால்டீஸ் பால்கன்’ படத்தில் துப்பறிவாளர் சாம் ஸ்பேடாக நடித்தவர் இவர். ஹம்ப்ரி போகார்ட் அதே வேடத்தில் புகழ் பெற்றது பத்தாண்டுகள் கழித்துத்தான். பழைய துப்பறிவாளரே இங்கே கள்ளச் சந்தைத் தலைவன்!

சிறையிலிருந்து வெளிவந்த ரௌடி ஒருவன் தரமற்ற டயர்களைப் புதியவை போல் ஒப்பனை செய்து இரகசியமாக விற்கிறான். அப்படிப்பட்ட ஒரு டயர் வெடித்து ஓர் இளைஞன் உயிரிழக்கிறான். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவனுடைய நண்பர்களே துப்பறியக் கிளம்புகிறார்கள். கதை அவ்வளவுதான். நடிப்பும் காட்சியமைப்பும் சுமார்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் டயருக்கு ஏன் இத்தனை அடிதடி? விடை இருப்பது மலாயாவில்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதமே டச்சுக்காரர் வசமிருந்த ஜாவாவும் வீழ்ந்தது. அமெரிக்காவுக்குக் கிடைத்து வந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காடு இதனால் நின்று போனது. செயற்கை ரப்பர் தொழிலோ அங்கே அப்போது குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது. ராணுவ லாரிக்கும் ரப்பர் வேண்டும், போர் விமானத்திற்கும் வேண்டும்.

ஆகவே அமெரிக்காவில் முதன் முதலில் பங்கீட்டுக்கு வந்தது சீனியோ பெட்ரோலோ அல்ல, டயர்தான். 1942 ஜனவரி முதல், மருத்துவர், தீயணைப்பு வண்டி, காவல்துறை போன்ற அவசியத் தேவை உள்ளவர்கள் மட்டுமே உள்ளூர்க் குழுவின் அனுமதிச் சீட்டுடன் புது டயர் வாங்க முடிந்தது. மற்றவர்கள் தேய்ந்த டயரை ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். ஜூன் மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, பழைய ரப்பர் பொருட்களைக் கேட்டார். மழைக்கோட்டு, தோட்டக் குழாய், காலணி என்று மக்கள் பெட்ரோல் நிலையங்களில் கொண்டு வந்து குவித்தார்கள். பவுண்டுக்கு ஒரு காசு கிடைத்தது. பின்னர் பெட்ரோலையும் நாடு முழுவதும் பங்கீடு செய்தார்களே, அதன் முக்கிய நோக்கமும் டயர் தேயாமல் காப்பதுதான்.

சட்டப்படி வாங்க முடியாத பொருளுக்குக் கையில் காசுள்ளவர்கள் காத்திருந்தால் கள்ளச் சந்தை முளைக்காமல் இருக்குமா? நின்றிருந்த வண்டிகளிலிருந்து டயர்கள் களவு போயின. திருடன் விற்பதற்கு ஒருவர் வாங்க வேண்டும் அல்லவா? இந்தச் சிறிய படம் கனமாவது இங்கேதான். ‘ஒரே ஒரு டயர்தானே’ என்று கேள்வி கேட்காமல் காசைக் கொடுப்பவர், தம் வண்டியில் ஏறும் பிள்ளையின் உயிரையே பணயம் வைக்கிறார். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும்!

அங்கே டயருக்கு ஆலாய்ப் பறந்த அதே காலத்தில், இங்கே தோட்டங்களில் பால் மரங்கள் வெட்டுவாரின்றி நின்றன. மேல்நாட்டுச் சந்தை அடைபட்டுப் போனதால் ரப்பருக்குக் கேட்பாரில்லை. பால் வெட்டிப் பிழைத்த நம் மக்களில் பலர் கூலியிழந்து மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாளைத் தள்ளினார்கள். 1943இல் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.